உடன்பிறந்தோரிடையே பாலியல் அத்துமீறல்: ஆசிரியரும் காவலரும் செய்ய வேண்டியது

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, இனி அண்ணன் இருக்கும் அறையில் படுக்க மாட்டேன் என்று வகுப்பாசிரியையிடம் சொல்லி, காரணத்தையும் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணனுக்கு வயது பதினைந்து. வீட்டு விஷயம்தானே, பெற்றோரை அழைத்துப் பேசி முடித்துவிடலாம் என்று பள்ளிக்குத் தோன்றக்கூடும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மருத்துவரும் மனநல ஆலோசகரும் இதற்கு விலக்கல்ல. ஆசிரியை துருவித் துருவிக் கேட்காமல், சிறுமி சொன்னதை அவள் சொற்களிலேயே குறித்துக்கொண்டால் போதும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.

வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர் சீருடையின்றிப் பதிவு செய்ய வேண்டும். இத்தகைய வழக்கில் வீடே நிகழ்விடம் என்பதால், இடத்தை அவளிடமே கேட்பதுதான் முறை.

இருவரும் ஒரே வீட்டில் வசிப்பதால், 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளின்படி சிறுமியை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அவளை வீட்டிலிருந்து வேறிடத்துக்கு மாற்ற வேண்டுமா என்பதைக் குழு மூன்று நாட்களுக்குள் முடிவு செய்கிறது. சொன்னதற்குத் தண்டனையாக வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள் என்று சிறுமி எளிதில் நினைத்துவிடுவாள். அவள் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்று விதி சொல்வதைச் சடங்காக்கிவிடக் கூடாது.

அண்ணனும் பதினெட்டு வயது நிரம்பாதவன் என்பதால் போக்சோ சட்டத்தின் 34ஆவது பிரிவு அவனை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்துக்கு உட்படுத்துகிறது. அவனைக் காவல் நிலைய லாக்கப்பில் அடைக்கக் கூடாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். நன்னடத்தை அலுவலர் அவனது குடும்ப, சமூகச் சூழலை விவரிக்கும் சமூக விசாரணை அறிக்கையை 15 நாட்களுக்குள் தருவார். அவனிடம் யாரேனும் இப்படி நடந்துகொண்டார்களா என்பதையும் அக்கறையுள்ள அலுவலர் விசாரிப்பார். பதினாறு வயதைக் கடந்தவர்களுக்கு, கொடுங்குற்றங்களில் மட்டும், பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று பார்க்கும் முதனிலை மதிப்பீடு உண்டு. இவனுக்கு அது பொருந்தாது.

இருவர் பெயரையும் வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. அண்ணன் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், தங்கை யாரென்று தனியே சொல்ல வேண்டியதில்லை.