13க்கும் 31க்கும் என்ன வித்தியாசம்?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். நூல் மில் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஜூலை கடைசி வாரம், ராத்திரி பத்து மணி, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய உட்கார்ந்திருக்கிறார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு ஃபைபர் கேபிள் எம்மாத்திரம்? நெட் போய்விட்டது. மென்பொருள் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி வைத்ததுதானே, லைன் வரும்வரை விவரங்களை நிரப்பி வைப்போம் என்று ஆதார் எண்ணை அடித்திருக்கிறார். உடனே சிவப்பில் ஒரு வரி: ஆதார் எண் தவறு. அட்டையை எடுத்துப் பார்த்தால், நடுவில் 38 என்று இருக்க வேண்டிய இடத்தில் 83 என்று அடித்திருக்கிறார்.

"ஏனுங்க, லைனே இல்லீங்களே. என்ற நெம்பர் அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்பது அவர் கேள்வி.

தெரியாது என்பதுதான் பதில். அவருடைய எண் எது என்று அந்த மென்பொருளுக்குத் துளியும் தெரியாது. அவர் அடித்த எண் யாருக்குமே கொடுக்கப்பட்டிருக்க முடியாது என்பது மட்டும் தெரியும். நான் இந்த மாதத்தில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சம்பளமில்லாத ஆடிட்டர். வரி மென்பொருள் காட்டுகிற சிவப்பு வரிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

மற்ற சிவப்பு வரிகள் பெரும்பாலும் எளிய விதிகள். வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்து இருக்க வேண்டும், ஐந்தாவது பூஜ்யமாக இருக்க வேண்டும். நம் ஆட்கள் அங்கே ஆங்கில 'ஓ' அடிப்பார்கள், மென்பொருள் மறுக்கும். சில குறியீடுகள் பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் உயிரோடு இருக்காது. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைந்தது. பழைய பாஸ்புக்கைப் பார்த்து அடித்தால் வேலைக்கு ஆகாது. அப்புறம் தென்னந்தோப்பு. மாதச் சம்பளக்காரர்தான், ஆனால் பொள்ளாச்சிப் பக்கம் அப்பா கொடுத்த தோப்பு இருக்கிறது. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 படிவம் ஏற்காது, ஐடிஆர்-2க்குப் போகச் சொல்லும். வரியே இல்லாத வருமானத்துக்கு எதற்கு இந்தக் கெடுபிடி என்று மாமா ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். தேங்காய்க் காசுக்கு வரி இல்லைதான். ஆனால் மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று பார்க்கும்போது அதையும் கணக்கில் சேர்ப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, ஆதாருக்கு வருவோம்.

ஆதார் எண்ணில் 12 இலக்கம். முதல் 11 இலக்கம்தான் எண். பன்னிரண்டாவது, முன்னால் இருக்கிற பதினொன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு ஒட்டிய வால். அதற்குச் சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர். அதே கணக்கை மென்பொருளும் போட்டுப் பார்க்கும். வால் பொருந்தாவிட்டால் எங்கோ தப்பு. இதற்கு நெட் தேவையில்லை.

அந்தக் கணக்கு என்ன? எல்லா இலக்கத்தையும் கூட்டிக் கடைசி இலக்கத்தை வாலாக ஒட்டலாமே என்று தோன்றும். ஒரு இலக்கம் மாறினால் கூட்டுத்தொகை மாறும், பிடித்துவிடலாம். ஆனால் 38ஐ 83 என்று அடித்தால்? மூன்றும் எட்டும் பதினொன்று, எட்டும் மூன்றும் பதினொன்று. கூட்டலுக்கு வரிசை தெரியாது. பணம் கொடுத்துப் பெயரில் ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொள்கிறோமே, அந்த நியூமராலஜியும் இந்தக் கூட்டல்தான். 13க்கும் 4, 31க்கும் 4. இரண்டு எண்ணையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத கணக்கு, என் மச்சானின் தொழில் எப்போது விருத்தியாகும் என்று மட்டும் எப்படிச் சொல்லுமோ!

வரிசை மாறும் பிழை அபூர்வமும் இல்லை. மனிதர்கள் எண்களை எழுதும்போது எப்படியெல்லாம் தவறுகிறார்கள் என்று டச்சுக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப் ஆராய்ந்தார். ஐந்தில் நான்கு தவறுகள் ஒரே ஒரு இலக்கம் மாறுவது. பத்தில் ஒன்று, அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறுவது. பணம் எடுக்கும் கார்டுகளில் இருக்கும் லூன் முறை ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பதால் இடமாற்றத்தைக் கிட்டத்தட்ட எல்லாம் பிடிக்கும். ஆனால் 09ஐ 90 என்று அடித்தால் விட்டுவிடும். ஒற்றை இலக்க வாலைக் கொண்டு இரண்டு வகைப் பிழையையும் ஒன்றுவிடாமல் பிடிக்க முடியாது என்ற கருத்து அப்போது இருந்தது. முடியும் என்று 1969இல் வெர்ஹூஃப் செய்து காட்டினார். ஆதாரில் இருப்பது அவருடைய முறைதான்.

அவருக்குத் தேவைப்பட்டது வரிசை தெரிந்த ஒரு கூட்டல். அது ஓர் ஐங்கோண அட்டையில் கிடைத்தது.

பனியன் பெட்டி அட்டையில் ஐந்து பக்கமும் சமமாக ஓர் ஐங்கோணம் வெட்டுங்கள். உச்சி மூலையில் அ. அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் ஆ, இ, ஈ, உ. அதே மூலைகளில் பின்பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு வேலை செய்யலாம். வலச்சுற்றாக ஒரு மூலை அளவு திருகலாம். அல்லது உச்சி மூலை அசையாமல், புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோலக் கவிழ்க்கலாம்.

முதலில் ஒரு திருகல், பிறகு கவிழ்ப்பு. திருகியதும் உச்சிக்கு உ வரும், கவிழ்த்தாலும் அதுவே நிற்கும். அட்டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு வரிசையை மாற்றுங்கள். முதலில் கவிழ்ப்பு, உச்சியில் அ தான். ஆனால் எழுத்துகளின் வரிசை தலைகீழாகிவிட்டது. இப்போது ஒரு திருகல், உச்சியில் ஆ! அதே இரண்டு வேலைகள்தான், வரிசை மாறியதும் விடை மாறிவிட்டது.

அட்டைக்கு ஐந்து மூலை, இரண்டு முகம். ஆக மொத்தம் பத்து நிலை. நம்மிடம் இருப்பதும் பத்து இலக்கம்! இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சிரிப்பு வந்துவிடும். 0 முதல் 4 வரை, அத்தனை திருகல். 5 முதல் 9 வரை, ஐந்தைக் கழித்து மிச்சத்தைத் திருகி அப்புறம் கவிழ்ப்பு. அதாவது 8 என்றால் மூன்று திருகல், ஒரு கவிழ்ப்பு. ஓர் எண்ணைக் கொடுத்தால் கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக அட்டையை ஆட்டிக்கொண்டே போக வேண்டும். எல்லாம் முடிந்ததும் அட்டை கிளம்பிய நிலைக்கே திரும்பினால் எண் சரி. அப்படித் திரும்புகிற மாதிரிதான் வால் இலக்கத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், அதற்குத் தகுந்தது பத்தில் ஒன்றே ஒன்றுதான்.

ஒரு ஓட்டை இருக்கிறது. 1, 3 இரண்டுமே வெறும் திருகல். எதை முன்னால் செய்தாலும் நான்கு திருகல்தான், இடமாற்றம் தெரியாது. அதற்கு வெர்ஹூஃப் ஒரு வேஷம் கட்டினார். கடைசி இடத்தில் இருக்கும் இலக்கம் தன் முகத்தோடே வரும். அடுத்த இடத்தில் இருப்பது ஒருமுறை வேஷம் மாறும், அதற்கடுத்தது இருமுறை, இப்படியே. 3உம் 6உம் தங்களுக்குள் மாறிக்கொள்ளும். மற்ற எட்டும் 1, 5, 8, 9, 4, 2, 7, 0, மறுபடி 1 என்று வட்டமாக மாறும். ஒரே இலக்கம் இடத்துக்கு இடம் வேறு ஆள் ஆகிவிடுவதால் 13உம் 31உம் இனி ஒன்றல்ல.

ஈரோட்டுப் பின்கோடு 638 என்று தொடங்கும். அதற்கு ஒரு வால் ஒட்டிப் பார்ப்போம். கணக்குப்படி வருவது 8, ஆக எண் 6388. கடைசி 8 அப்படியே: மூன்று திருகல், கவிழ்ப்பு. அடுத்த 8 ஒரு வேஷம் மாறி 9: நான்கு திருகல், கவிழ்ப்பு. அட்டை கவிழ்ந்து கிடப்பதால் திருகல் பின்னோக்கிப் போகும். மூன்றில் நான்கு போனால் ஒன்று குறைகிறது, ஐந்து மூலை வட்டத்தில் அது 4. அட்டை நிமிர்ந்துவிட்டது. அடுத்து 3, இருமுறை மாறி மறுபடி 3 ஆகவே வரும்: 4உம் 3உம் 7, ஐந்தை விட்டால் 2. கடைசியாக 6, மூன்றுமுறை மாறி 3: இரண்டும் மூன்றும் ஐந்து, அதாவது பூஜ்யம். அட்டை வீடு வந்து சேர்ந்தது.

இப்போது நம் வாசகர்போல 38ஐ 83 ஆக்கி 6838 என்று அடியுங்கள். 8 அப்படியே: மூன்று திருகல், கவிழ்ப்பு. 3 மாறி 6: ஒரு திருகல் பின்னோக்கி, கவிழ்ப்பு, நிமிர்ந்த அட்டையில் 2. அடுத்த 8 இருமுறை மாறி 4: ஆறு, ஐந்தை விட்டால் 1. கடைசி 6 மாறி 3: நான்கு. பூஜ்யத்துக்கு வரவில்லை, சிவப்பு வரி வந்துவிட்டது. கோபியில் நெட் இல்லாத அந்த ராத்திரியில் நடந்தது இவ்வளவுதான், பன்னிரண்டு தடவை அட்டையை ஆட்டிப் பார்த்தது.

ஐங்கோணத்தைத் திருகிக் கவிழ்க்கிற கணக்குக்கு எந்தக் கமிட்டி பணம் கொடுக்கும்? இதற்கு அடிப்படையான குலக் கோட்பாடு என்ற கணிதப் பிரிவு (குரூப் தியரி) வந்தபோது கம்ப்யூட்டரே கிடையாது. 'இதனால் தொழிலுக்கு என்ன லாபம்' என்று கேட்டுக் கேட்டே நம் ஊர்க் கல்லூரிகளில் கணிதத் துறையைச் சுருக்கிக்கொண்டு வருகிறார்கள். வெர்ஹூஃபின் கணக்கோ இன்று இத்தனை கோடி ஆதார் எண்களின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மனுஷர் மரத்தைச் சாய்வாக அறுத்து ஒட்டி, முடிச்சு முடிச்சாக வளையும் சிற்பங்களும் செய்தவர். அட்டையைக் கவிழ்த்துப் பார்த்த கை அல்லவா.

ஆனால் இந்தக் காவல்காரனுக்கும் ஓர் எல்லை உண்டு. எண்ணின் அமைப்பு சரியா என்றுதான் அவன் பார்ப்பான், உங்களுடையதா என்று அல்ல. மனைவியின் எண்ணை உங்கள் கட்டத்தில் அடித்தால் பேசாமல் விட்டுவிடுவான். கண்ணை மூடிக்கொண்டு அடித்த எண்ணும் பத்தில் ஒருமுறை தப்பிவிடும். எண் யாருடையது என்பதை சர்வர்தான் பெயரோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அங்கேதான் நம் இனிஷியல் மாட்டிக்கொள்ளும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிற படிவத்தில் நமக்கிருப்பதோ ஒரு பெயரும் ஓர் எழுத்தும். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகக் கடைசியில் நிற்கும், வங்கியில் வெறும் இனிஷியல் முன்னால் நிற்கும். 'சாமி'யை எஸ்-ஏ-எம்-ஒய் என்று முடிப்பதா, நடுவில் டபிள்யூ போடுவதா என்று வீட்டிலேயே அண்ணன் தம்பிக்குள் ஒற்றுமை இருக்காது. இதோடு நியூமராலஜி எழுத்தும் ஒன்று சேர்ந்தால் பான், ஆதார், பாஸ்புக் மூன்றும் மூன்று ஆட்களைக் காட்டும். சேர்த்த எழுத்தால் யோகம் வந்ததாக நான் கண்டதில்லை, ரீஃபண்ட் தாமதமானதைக் கண்டிருக்கிறேன்.

எனக்கு உண்மையான ஆதங்கம் வங்கிக் கணக்கு எண்மேல்தான். ஐரோப்பாவில் ஐபான் என்கிற வங்கிக் கணக்கு எண்ணுக்கு இரண்டு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. நம் வங்கிகளுக்குப் பொதுவாக அப்படி ஒரு முறை இல்லை. நீளமே வங்கிக்கு வங்கி மாறும். ஒரு இலக்கம் மாறினால் மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது. இருமுறை அடிக்கச் சொல்வதும், முன்கூட்டியே சரிபார்த்த கணக்குக்குத்தான் ரீஃபண்ட் என்று வருமான வரித் துறை பிடிவாதமாக இருப்பதும் அதனால்தான். பணம் அனுப்பும் முன் கணக்கு வைத்திருப்பவரின் பெயரைக் காட்டும் வசதியை என்இஎஃப்டிக்கு 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவர ரிசர்வ் வங்கி சொன்னது. நல்லதுதான். அதற்கு முன்னாலேயே ஓர் இலக்கம் ஒட்டியிருந்தால் செலவே இல்லை.

டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே பிடித்த வரி, பொருந்தவில்லை என்று வருகிற சிவப்பு வரிக்குக் கணிதம் வேண்டாம், பொறுமை போதும். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரிக்கான கணக்கை உங்கள் கம்பெனி தர மே 31 வரை நேரம் இருக்கிறது. ஏப்ரலிலேயே, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து 'என் பணம் எங்கே' என்று பதறினால் எப்படி இருக்கும்? ஜூனில் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் கம்பெனி அக்கவுண்டன்ட்டைப் பிடியுங்கள், மென்பொருளைத் திட்டாதீர்கள். வரிக்குரிய வருமானம் உங்கள் கணக்கோடு சில ரூபாய் இடித்தாலும் கவலை வேண்டாம், அதைப் பத்தின் மடங்காக முழுமைப்படுத்துவது சட்டமே.

நம் வாசகருக்கு லைன் வந்தபோது மணி பன்னிரண்டாம். எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு, மின்சரிபார்ப்புக்கு ஆதார் ஓடிபி கேட்டிருக்கிறார். வரவில்லை. ஆதாரோடு இணைந்திருந்தது பழைய நெம்பர், அந்த சிம் இப்போது சத்தியமங்கலத்தில் தம்பியிடம். சரிபார்க்காத கணக்கு தாக்கல் செய்யாததற்குச் சமம், ஆனால் அதற்கு 30 நாள் நேரம் உண்டு என்பதால் தூங்கப் போய்விட்டார். காலையில் தம்பியைக் கூப்பிட்டு ஓடிபி கேட்டு அடித்தால், தவறு என்றது. தம்பி மடமடவென்று படித்ததில் நடுவில் இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. ஓடிபியில் வால் இலக்கம் எதுவும் கிடையாது. அது வெறும் ஆறு இலக்கம், அசல் சர்வரிடமே இருப்பதால் நேராக ஒப்பிட்டுவிடும். இரண்டாவது தடவை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்லி வாங்கியிருக்கிறார்.