பேச்சுக்கும் அளவு உண்டு

மனநலப் பிரிவுச் செவிலியரின் கையில் பல நேரம் ஒன்றுமே இருக்காது. ஊசி இல்லை, கட்டுத்துணி இல்லை. நோயாளியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். பார்க்கிறவருக்கு அரட்டை போலத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சுக்கு மருந்தைப் போலவே அளவு உண்டு. தவறினால் பக்கவிளைவும் உண்டு.

செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே உருவாகும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று முறையாக எழுதிவைத்தவர் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ். அவருடைய நூல் வெளிவந்தது 1952-இல். பாரிஸில் மனநோயாளிகளுக்குக் குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்ததும் அதே ஆண்டில்தான். மாத்திரைக்குக் கிடைத்த புகழ் உறவுக்குக் கிடைக்கவில்லை.

பெப்லாவ் பதற்றத்தை நான்கு படிகளாகப் பிரித்தார். முதல் படி லேசான பதற்றம். இது நல்லதுகூட; தேர்வுக்கு முந்தைய நாள் புத்தி கூர்மையாவது இதனால்தான். அடுத்த படியில் பார்வை சுருங்கி, கையிலிருக்கும் ஒரு விஷயம் மட்டுமே தெரியும். கடுமையான பதற்றத்தில் துண்டு துண்டாகத்தான் மனதில் பதியும், ஒன்றோடொன்று கோக்க முடியாது. கடைசிப் படி பீதி.

படி ஏற ஏற, சொல் குறைய வேண்டும். ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி முழு வேகத்தில் இயங்கும்போது, நிதானமாக யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி சரிவர வேலை செய்யாது. அந்த நேரத்தில் விளக்கம் கொடுத்தால் அது இன்னொரு இரைச்சல். "பயப்படாதீங்க, ஒண்ணுமே இல்லை" என்பது அதைவிட மோசம். தன் நிலை எதிரே நிற்பவருக்குப் புரியவில்லை என்றுதான் நோயாளிக்குப் படும். "நான் இங்கேயே இருக்கேன். மெதுவா மூச்சை விடுங்க." இவ்வளவு போதும். மூச்சுப் பயிற்சி கற்றுத் தருவதெல்லாம் லேசான பதற்றம் இருக்கும் வேறொரு நாளில். பதற்றம் தொற்றும் என்பதால், செவிலியர் முதலில் தன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால்? "அப்படி எதுவும் இல்லை" என்று வாதாடினால் உறவு அறுந்துபோகும். மூளையில் கேட்டல், பேச்சு சார்ந்த பகுதிகள் இயங்குவதால் அவருக்கு அந்த ஒலி நிஜம். ஆமாம் போட்டாலோ நோய்க்குத் துணைபோனதாகும். "எனக்குக் கேக்கலை. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு புரியுது, பயமா இருக்கும்" என்பதுதான் நடுவழி. அடுத்த கேள்வி மிக முக்கியம்: அந்தக் குரல் என்ன சொல்கிறது? தன்னையோ பிறரையோ தாக்கச் சொல்லிக் கட்டளையிடுகிறது என்றால், பாதுகாப்பு ஏற்பாடு உடனே மாறும்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்கவும் பலர் தயங்குகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. மறைத்துவைத்த சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது.

பேச்சைவிடக் கண் வேலை செய்யும் இடங்களும் உண்டு. மனநோய் மருந்து தொடங்கிய ஒருவர் உட்கார முடியாமல் இங்குமங்கும் நடக்கிறார். நோய் முற்றுகிறதா, அல்லது அகதீசியா என்ற பக்கவிளைவா? நோய் முற்றுகிறது என்று எண்ணி மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். காலுக்குள் ஏதோ துடிப்பதுபோல இருக்கிறதா, மருந்துக்கு முன்பும் இப்படி இருந்ததா என்று விசாரித்து மருத்துவரிடம் சொல்பவர் பெரும்பாலும் செவிலியர்தான்.

செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையும் பெப்லாவ் கட்டங்களாகப் பிரித்தார்; அதில் கடைசிக் கட்டம், இருவரும் விடைபெறும் பிரிவு. அதைப் பற்றி முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்: எத்தனை நாள் பார்ப்போம், எப்போது முடியும் என்று. அப்படிச் சொல்லியிருந்தும், தேறிவந்த ஒருவர் வீடு திரும்பும் நாள் நெருங்கும்போது திடீரெனப் பேச மறுக்கலாம், பழைய அறிகுறிகள் தலைகாட்டலாம். அனுபவமுள்ள செவிலியர் அதைத் தோல்வி என்று குறித்துவைப்பதில்லை. மறுபடி நாற்காலியைப் போட்டு உட்கார்கிறார்.