கஸ்டடி வழக்குக்கு வக்கீல் தேடுகிறீர்களா? முதலில் அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள்

"மேடம், கடலூர்ல குழந்தை கஸ்டடி கேஸுக்கு நல்ல வக்கீல் யாரு?" குடும்ப வழக்குகள் நடத்தும் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. கேட்பவர் பல நாட்களாகத் தூங்காதவராக இருப்பார். பிள்ளை எதிர்த் தரப்பிடம் இருக்கும். அல்லது தன்னிடம் இருந்து, எப்போது வந்து தூக்கிப் போய்விடுவார்களோ என்ற பயம் இருக்கும். அந்தப் பதற்றத்தில் யார் முதலில் "நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்கிறாரோ அவரிடமே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் போனில் தேடுவதைப் பற்றி. "கடலூரின் நம்பர் ஒன் கஸ்டடி வக்கீல்" என்று ஐந்து நட்சத்திரத்தோடு ஒரு பெயர் வந்தால் அதை நம்பிப் போகாதீர்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது, வக்கீல்களின் நடத்தைக்கு விதி வகுக்கும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி. வக்கீல்களைப் பட்டியல் போட்டு மதிப்பெண் கொடுக்கும் இணையதளங்களை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அந்த நட்சத்திரங்களுக்கு எந்த மதிப்பும் இல்லை. பல ஆண்டுகளாகக் குடும்ப நீதிமன்றத்தில் நல்ல பெயரோடு வழக்கு நடத்துபவர்களில் பலருடைய பெயர் இணையத்தில் எங்குமே இருக்காது.

எந்த ஊர் வக்கீலைப் பார்ப்பது என்பது, எந்த ஊர் கோர்ட்டில் மனு போடப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. 1890-ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டத்தின் 9-வது பிரிவு, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் மனு போட வேண்டும் என்கிறது. அப்பா வேலை பார்க்கும் ஊரோ, கல்யாணம் நடந்த ஊரோ இதற்குக் கணக்கில் வராது. நம் பகுதியில் இது சில நேரம் சிக்கலாகிவிடும். கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் போகும்போதே மாநில எல்லை வந்துவிடுகிறது. ரெட்டிச்சாவடியில் வீடு, பாகூர் பக்கம் பள்ளிக்கூடம், தாத்தா பாட்டி வீடு முதலியார்பேட்டையில் என்று இருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீடு கடலூர் மாவட்டம், பள்ளிக்கூடம் புதுச்சேரி. இந்தப் பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறது என்பதை ஆதார், பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும். தவறான கோர்ட்டில் மனு போட்டால் அதிகார வரம்பு இல்லை என்று எதிர்த் தரப்பு மனு போடும். அது முடிவதற்குள் மாதக்கணக்கில் காலம் போய்விடும், பிள்ளையும் வளர்ந்துவிடும். அதனால் "பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு நாளாக?" என்று தொடக்கத்திலேயே கேட்காத வக்கீலிடம் கொஞ்சம் யோசித்தே போங்கள். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் கதை வேறு. இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவின் கீழ் அந்த வழக்கிலேயே குழந்தையைப் பற்றிய உத்தரவு கேட்கலாம்.

கடலூரும் புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான் வருகின்றன. பார் கவுன்சிலும் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் ஒன்றே. எனவே கடலூர் வக்கீல் பாண்டியில் ஆஜராகத் தடை இல்லை, பாண்டி வக்கீல் இங்கே வரவும் தடை இல்லை. வழக்கை இங்கிருந்து அங்கே மாற்றக் கேட்பதற்கும் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

பண்ருட்டி பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். மனைவியின் வாட்ஸப் செய்திகளை எல்லாம் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மஞ்சள் கோடு. அதைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டேன்: பையன் எந்த வகுப்பு? கிளாஸ் டீச்சர் பெயர் என்ன? காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர்? ராத்திரி யார் பக்கத்தில் படுப்பான்? வகுப்பைச் சொன்னார். டீச்சர் பெயர் தெரியவில்லை. டாக்டர் பெயர் தெரிந்தது, தடுப்பூசி அட்டை எங்கே என்று தெரியவில்லை. "மேடம், அவ என்ன பண்ணான்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றார். கேட்கத்தான் போகிறேன், ஆனால் ஜட்ஜ் முதலில் கேட்கப் போவது பையனைப் பற்றித்தான் என்றேன். அடுத்த முறை வந்தபோது பள்ளி ஃபீஸ் ரசீதுகள், பையன் தன் தாத்தாவோடு சைக்கிள் பழகிய நாட்களின் படங்கள், தன் ஷிஃப்ட் நேரம், தான் இல்லாத நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்ற விவரம் எல்லாம் எழுதி எடுத்துவந்தார். அவர் கேஸ் கட்டில் உருப்படியாக இருந்தது அதுதான்.

விவாகரத்து வழக்கில் கணவனும் மனைவியும்தான் கட்சிக்காரர்கள், யார் தப்பு என்பதுதான் அங்கே பேச்சு. கஸ்டடி வழக்கில் கேள்வியே வேறு. 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டத்தின் 13-வது பிரிவு, மைனரின் நலனே முதன்மையானது என்று சொல்கிறது. அம்மாவின் உரிமையும் அப்பாவின் உரிமையும் அதற்குப் பின்னால்தான். ஆகவே நீங்கள் பார்க்கும் வக்கீல் முதல் அரை மணி நேரத்தில் உங்கள் கணவரைப் பற்றியோ மனைவியைப் பற்றியோ மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், அவர் உங்கள் விவாகரத்துக்கு நல்ல வக்கீலாக இருக்கலாம். பிள்ளையின் வழக்குக்கு அது போதாது.

சட்டத்தைப் பற்றி ஊரில் உலவும் தப்பான பேச்சுகளை வைத்தும் வக்கீலை எடைபோடலாம். "அஞ்சு வயசு வரைக்கும் அம்மா, அப்புறம் அப்பா" என்பார்கள். ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்றுதான் அதே 1956 சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. ஐந்தாவது பிறந்தநாளில் அப்பாவிடம் போக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. "சம்பாதிக்காத அம்மாவுக்குத் தர மாட்டாங்க" என்பார்கள். செலவை அப்பாவிடமிருந்து ஜீவனாம்சமாக வாங்கித் தரக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. வருமானம் மட்டுமே காரணமாகிவிடாது. "ஒன்பது வயசு ஆனா பிள்ளை சொல்றதுதான்" என்பதும் அப்படித்தான். விவரம் தெரிந்து விருப்பம் சொல்லும் வயது வந்திருந்தால் அதைக் கோர்ட் கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890 சட்டத்தின் 17-வது பிரிவு. எந்த வயது என்று குறிப்பிடவில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போது அம்மா கார்டியன் ஆக முடியாது என்ற பேச்சையும் 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. இவற்றில் ஒன்றைக் காட்டி "கண்டிப்பா ஜெயிச்சுடலாம்" என்று யாராவது உறுதி கொடுத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் ஷரீஅத்தின் வயது வரம்புகளைக் கேட்டு வருவார்கள். கோர்ட் அதையும் பார்க்கும். ஆனால் குழந்தையின் நலன் என்ற அளவுகோல் அங்கேயும் உண்டு.

வக்கீலின் திறமை பளிச்சென்று தெரிவது, பார்வை உரிமை, அதாவது கையில் இல்லாத பிள்ளையைச் சந்திக்கும் உரிமை, கேட்டு அவர் எழுதும் மனுவில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு கஸ்டடி ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்றவருக்குக் கையில் இருக்கப்போவது இந்த உத்தரவு ஒன்றுதான். "ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குழந்தையைப் பார்க்கலாம்" என்று ஒரு வரியில் உத்தரவு வந்தால் அதை வைத்துக்கொண்டு வாராவாரம் சண்டைதான் நடக்கும். எத்தனை மணிக்கு? எங்கே வைத்து ஒப்படைப்பது? மாமியார் வீட்டு வாசலிலா? அங்கே போனால் வாய்த்தகராறு, அப்புறம் போலீஸ் புகார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த ஞாயிறு போனது போனதுதானா, வேறு நாள் உண்டா? முழுப் பரீட்சை லீவில் எத்தனை நாள்? தீபாவளி, பொங்கல் எந்த வருடம் யாரிடம்? திருவிழாவுக்கு வெளியூர் கூட்டிப் போகலாமா? வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு வீடியோ கால்? 2020-ல் ஒரு கஸ்டடி வழக்கில், குழந்தை கையில் இல்லாத பெற்றோருக்கு வீடியோ காலில் பேசும் உரிமையை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. இவ்வளவையும் மனுவிலேயே எழுதிக் கேட்கும் வக்கீலாகப் பாருங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாடலீஸ்வரர் கோயில் கோபுர வாசலில், பாட்டி கையால் ஒப்படைப்பது என்று எழுதிவைத்த குடும்பத்தில், கோபம் அப்படியே இருந்தும், பிள்ளை முன்னால் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது நின்றது. அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்கவில்லை.

வக்கீலிடம் போனதும், "இதற்கு முன்னால் நடத்திய வழக்குகளில் பார்வை உரிமை எப்படிக் கேட்டீர்கள், பெயர்களை மறைத்து ஒரு மாதிரி காட்ட முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தவிர்க்க வேண்டிய யோசனைகளும் சில இருக்கின்றன. "பள்ளிக்கூட வாசல்ல இருந்து பிள்ளையத் தூக்கிட்டு வந்துடுங்க, மத்ததை நான் பாத்துக்குறேன்" என்பது ஒன்று. அப்படித் தூக்கிவந்தால் பிள்ளையைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவோடு எதிர்த் தரப்பு உயர் நீதிமன்றம் போகலாம். அதைவிட, அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலைப் பார்த்தே பயப்படத் தொடங்கிவிடும். இன்னொன்று, எதிர்த் தரப்பை மடக்கப் பொய்யாகப் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) புகார் கொடுக்கச் சொல்வது. பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவர்களைத் தண்டிக்க அதே சட்டத்தில் 22-வது பிரிவு இருக்கிறது. ஒரு குழந்தையைக் கொண்டு தன் அப்பாவைப் பற்றி இல்லாததைச் சொல்லவைப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் பெரிய கொடுமை. உண்மையிலேயே ஏதாவது நடந்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள்; அது கஸ்டடி தந்திரத்தோடு சேர்க்கக் கூடாத தனி விஷயம். மகளிர் காவல் நிலையத்தில் உட்கார்ந்து பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குவதும் கஸ்டடி உத்தரவு ஆகாது. அடி உதை உள்ள வீட்டிலிருந்து வெளியே வந்த பெண், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் தற்காலிக கஸ்டடி கேட்கலாம். இது தெரிந்த வக்கீல் உங்களை ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையவிட மாட்டார்.

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை அல்ல, கோர்ட் தரும் அனுமதி. 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அனுமதி வழக்கமாகக் கிடைத்துவிடும். ஆனாலும் ஜட்ஜும் ஆலோசகரும் உங்களிடமே நேராகப் பேசுவார்கள். அன்றைக்கு என்ன கேட்பார்கள், எதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே உட்காரவைத்துப் பேசுகிற வக்கீல் வேண்டும். சென்னையிலிருந்து பெரிய பெயரைக் கொண்டுவருபவர்களுக்கும் இதையே சொல்வேன்: வாய்தாவுக்கு வாய்தா அவரே வருவாரா, அல்லது வழக்கைப் பற்றி எதுவும் தெரியாத ஜூனியர் வந்து இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு போவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர் வக்கீலுக்கு மாலையில் போன் செய்துவிட்டு நேரே போய் உட்காரலாம். கஸ்டடி வழக்கில் அது பெரிய விஷயம், ஏனென்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி "நாளைக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டேன்" என்று செய்தி வரும்.

புதுச்சேரியில் மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. பெற்றோரில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராகவும் இருக்கலாம். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் பிள்ளையைப் பாரீஸுக்குக் கொண்டுபோய்விட்டால் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கடினம். இப்படிப்பட்ட குடும்பம் என்றால் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்கக் கேட்பது போன்ற இடைக்கால மனுக்களை உடனே போடத் தெரிந்த, இந்த வகை வழக்கு நடத்திய பாண்டி வக்கீலாகத் தேடுங்கள்.

நல்ல வக்கீலை எப்படித்தான் கண்டுபிடிப்பது? உங்களுக்குத் தெரிந்த சிவில் வக்கீலோ கிரிமினல் வக்கீலோ இருந்தால், "உங்கள் சொந்தத் தங்கைக்கு இப்படி ஒரு வழக்கு என்றால் யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு காலை நேரம் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் போய் நில்லுங்கள். வழக்கு நடக்கும் அறைக்குள் வெளியாட்களை விடாமல் இருக்கலாம். ஆனால் தன் கட்சிக்காரரிடம் யார் பொறுமையாகப் பேசுகிறார், யார் குமாஸ்தாவை அனுப்பிவிட்டுக் காணாமல் போகிறார் என்பது வராந்தாவிலேயே தெரியும். வழக்கு எண் வந்தபிறகு, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பாருங்கள். அடுத்த தேதி, கடைசியாக என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஃபீஸை முதல் நாளே பேசிவிடுங்கள், ரசீது கேளுங்கள். "ஜெயித்தால் இவ்வளவு" என்ற பேரத்துக்குப் பார் கவுன்சில் விதியில் இடமில்லை. இறுதி உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம், அதற்குத் தனி ஃபீஸா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கஸ்டடி உத்தரவு கல்லில் செதுக்கியது அல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம் என்று 1973-லேயே ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக இந்த வக்கீலோடு நீங்கள் பல வருடங்கள் பேச வேண்டியிருக்கலாம். ஒத்துவரவில்லை என்றால் அவரிடம் ஒப்புதல் வாங்கி, கேஸ் கட்டைத் திரும்பப் பெற்று வேறு வக்கீலிடம் போகலாம். ஒப்புதல் தர மறுத்தால் கோர்ட்டின் அனுமதியோடு மாறலாம்.

பணம் இல்லையே என்று பிள்ளையை விட்டுக்கொடுக்க நினைப்பவர்களுக்கு: பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு. மாற்றுத்திறனாளிகள் போன்ற வேறு சில பிரிவினருக்கும் அப்படித்தான்; மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் உண்டு. கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும், பாண்டியில் அங்குள்ள சட்டப் பணிகள் ஆணையத்திலும் விண்ணப்பம் கொடுக்கலாம். உதவி எண் 15100. போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, ஃபீஸ் ரசீதுகள், ஏற்கெனவே வந்த நோட்டீஸ் அல்லது சம்மன் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகிறது, காலையில் யார் எழுப்புகிறார், மாலையில் யார் கூட்டிவருகிறார் என்று ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துக்கொள்ளுங்கள். சம்மன் வந்திருந்தால் அதில் இருக்கும் தேதிக்கு முன்னால் போய்விடுங்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலேயே வழக்கு நடந்துவிடும், அதை ரத்து செய்யவே தனி மனு போட வேண்டிவரும்.