மௌதாய்: ஊர்ப்பெயர் தாங்கிய சோளச் சாராயம்

மௌதாய் என்பது ஓர் ஊரின் பெயர். தென்மேற்குச் சீனத்தின் குய்சோ மாகாணத்தில், சிசுய் ஆற்றங்கரையில் இருக்கிறது. ‘மௌ’ என்றால் கூரை வேயும் புல். ‘தாய்’ என்றால் மேடை. அவ்வூர்ச் சாராயத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

இது ‘பைஜியு’ வகையைச் சேர்ந்தது. ‘பை’ என்பது வெள்ளை. ‘ஜியு’ என்பது கள், பியர், சாராயம் எல்லாவற்றுக்கும் சீனர் வழங்கும் பொதுச்சொல். அது ஆங்கில வழியாக ‘ஒயின்’ ஆகி நம் செய்திகளிலும் நுழைந்துவிடுகிறது. ‘வெள்ளை ஒயின்’ என்று எழுதினால் படிப்பவர் திராட்சை மதுவையே நினைப்பார். இதில் திராட்சை துளியும் இல்லை. செஞ்சோளமும் கோதுமையும் நீரும்தான். இதன் பழம்பெயரான ‘ஷாவ்ஜியு’, காய்ச்சிய மது என்ற பொருளை ஒளிக்காமல் சொல்கிறது.

செய்முறை ஓராண்டு நீள்கிறது. கோடையில் கோதுமையை நொறுக்கி, ஈரமாக்கி, காலால் மிதித்துக் கட்டிகளாக்கி, வைக்கோலிட்டு அடுக்குகிறார்கள். உள்ளே சூடு 60 பாகைக்கு மேல் ஏறும். பூஞ்சையும் நுண்ணுயிர்களும் குடியேறிய இந்தக் கட்டிதான் ‘சூ’. தமிழில் ‘நொதிக்கட்டி’ எனலாம். மழைக்காலத்தில் செம்மண் கலங்கி ஓடும் ஆறு தெளிந்ததும், சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாத ஒன்பதாம் நாளையொட்டிச் சோளத்தை அவிக்கத் தொடங்குகிறார்கள். அங்குள்ள தொழிலாளர்கள் சோளத்தை ‘மணல்’ என்றுதான் சொல்வார்கள். ஒன்பது முறை அவித்து, நொதிக்கட்டி கலந்து எட்டு முறை புளிக்கவைத்து, ஏழு முறை வடிக்கிறார்கள். குழியில் புளிப்பது கரைசல் அன்று, ஈரத் தானியம். அதனூடே ஆவியைச் செலுத்தியே சாராயத்தை இறக்குகிறார்கள். பிறகு மண்சாடிகளில் ஆண்டுக்கணக்கில் ஊறவிட்டு, பல வடிப்புகளைக் கலந்து, 53 விழுக்காட்டு வலுவில் புட்டியில் அடைக்கிறார்கள். சோயா சாஸை நினைவூட்டும் மணம் இதற்கு உண்டு.

இதற்குச் சரியான தமிழ் எது? கள் வடிக்கப்படாதது. சங்கப் பாடல்களின் தேறல், தெளிந்த கள். புளித்ததை வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலத்தில், ஏற்றி வடித்தால் அதற்குத் தமிழில் சாராயம் என்றே பெயர். கள்ளச்சாராய மரணங்களால் அந்தச் சொல்லின் மேல் படிந்த கறை எனக்கும் தெரியும். அதற்காகப் பொருள் பொருந்தும் சொல்லை ஒதுக்குவது நியாயமில்லை. மக்காச்சோளத்துக்குத் தனிப்பெயர் இருப்பதால் ‘சோளம்’ என்பதிலும் குழப்பமில்லை. மௌதாயைச் ‘சோளச் சாராயம்’ என்றே எழுதலாம்.

1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சனுக்குச் சீனப் பிரதமர் சோ என்லாய் அளித்த விருந்தில் பரிமாறப்பட்டது இதுதான். இப்போது பழைய புட்டிகளைச் சேகரிப்பவர்கள் ஏராளம். 2021-இல் லண்டன் ஏலத்தில், 1974-ஆம் ஆண்டின் ‘சூரியகாந்தி’ முத்திரைப் புட்டிகள் 24 கொண்ட ஒரு பெட்டி 10 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அந்தச் செய்தியிலும் ‘சோளச் சாராயம்’ என்ற சொல் தாராளமாகப் பொருந்தும்.