என்டிஎம் நொதி: உயிருள்ள செல்லில் சோதித்தால்தான் உண்மை தெரியும்

என்டிஎம்-1 என்பது கார்பபெனெம் போன்ற வலுவான ஆன்டிபயாடிக்குகளை உடைத்துவிடும் பாக்டீரியா நொதி. பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் நியூ டெல்லியைக் குறிப்பவை. இங்கே சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய நோயாளியின் சிறுநீரில் 2008இல் வளர்ந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில்தான் இந்த நொதி முதலில் பிடிபட்டது. ஊர்ப்பெயரை வைத்ததில் டெல்லிக்காரர்களுக்கு வந்த வருத்தம் நியாயம்தான். ஆனால் 2010இல் நகரில் எடுத்த 171 தேக்கநீர் மாதிரிகளில் 51இலும், 50 குடிநீர் மாதிரிகளில் 2இலும் அதன் மரபணு இருந்ததே, அதுதான் பெரிய கவலை.

நொதியைப் பிரித்தெடுத்துச் சோதிப்பது சுலபம். ஆனால் அங்கே அதை நன்றாக அடக்கும் மருந்து, உயிருள்ள ஈ.கோலை பாக்டீரியாவிடம் பல நேரம் தோற்றுவிடும். வெளிச்சவ்வின் நுண்துளை வழியாக மருந்து நுழைய வேண்டும். நுழைந்ததையும் செல்லின் பம்புகள் வெளியே தள்ளும். என்டிஎம்-1 அந்தச் சவ்வின் உட்பக்கத்தில் கொழுப்பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும். நம் உடல் துத்தநாகத்தைப் பதுக்கிக் கிருமியைப் பட்டினி போட்டாலும், அந்தப் பிடிப்பால் அது தாக்குப்பிடிக்கிறது. முழுச் செல்லில் அளக்கும்போது செல்களைச் சுழற்றிப் படியவைத்து, மேல்நீரை மட்டும் தனியாக அளந்து பாருங்கள். அதிலும் ஆன்டிபயாடிக் உடைந்தால், நீங்கள் அளந்தது உடைந்த செல்லிலிருந்து கசிந்த நொதியை.

கிருமி கார்பபெனெமை உடைக்கிறதா என்று பார்க்க, மருத்துவமனை லேபுக்கு எம்சிம் (mCIM) சோதனை போதும். 2 மில்லி டிரிப்டிக் சோயா பிராத்தில் 1 மைக்ரோலிட்டர் லூப் அளவு கிருமி (சூடோமோனாஸ் என்றால் 10), அதோடு 10 மைக்ரோகிராம் மெரோபெனம் (ஒரு கார்பபெனெம்) டிஸ்க். 35 டிகிரியில் 4 மணி நேரம். பிறகு அந்த டிஸ்க்கை, மருந்துக்கு அடங்கும் ஏடிசிசி 25922 ரக ஈ.கோலை பரப்பிய முல்லர் ஹின்டன் தட்டில் வைத்து 18 முதல் 24 மணி நேரம் விடவும். டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 6 முதல் 15 மி.மீ. என்றால் பாசிட்டிவ், 19ம் அதற்கு மேலும் நெகட்டிவ். டிஸ்க்கைக் குழாயின் விளிம்பில் இழுத்து வடித்துவிட்டு எடுங்கள். சொட்டச் சொட்ட வைத்தால் வட்டம் குழம்பிவிடும். ஃபிரிட்ஜுக்கு வெளியே கிடந்த டிஸ்க்கில் மருந்து தானாகவே சிதைந்திருக்கும், பொய்யாகப் பாசிட்டிவ் வரும். அதனால் நெகட்டிவ் கன்ட்ரோல் இல்லாமல் சோதனை போடாதீர்கள்.

பாசிட்டிவ் வருவது என்டிஎம் போன்ற துத்தநாக நொதியாலா என்று பார்க்க, இன்னொரு குழாயில் 0.5 மோலார் இடிடிஏ 20 மைக்ரோலிட்டர் சேர்த்து அதே நேரத்தில் ஓட்டுங்கள். இடிடிஏ துத்தநாகத்தைப் பிடுங்கிவிடும். வட்டம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதானால் துத்தநாக நொதி; வேறு பல நொதிகளை அடக்கும் அவிபாக்டம் என்ற மருந்து அதை அடக்காது. வட்டம் பெரிதாகவில்லை என்பதால் மட்டும் ‘என்டிஎம் இல்லை’ என்று ரிப்போர்ட் எழுதாதீர்கள்: கூடவே, துத்தநாகம் தேவைப்படாத ஆக்சா-48 வகை நொதியும் இருந்தால், இடிடிஏக்குப் பிறகும் அது மருந்தை உடைத்துக்கொண்டே இருக்கும். அப்போது மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள்.