உம் கொட்டுபவரின் பங்கு

கதை சொல்பவருக்கு எதிரே இருப்பவர் ‘உம்’ கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால், “கேக்குறியா இல்லையா?” என்று கதை பாதியில் நின்றுவிடும். இதை மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாகவே பலரும் பார்க்கிறோம். ஆனால் அந்த ‘உம்’மும் தலையசைப்பும் புருவ உயர்வும் இல்லாமல் போனால், பேசுபவரின் பேச்சே பழுதாகிவிடுகிறது.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் பவேலாஸும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய சொந்த அனுபவத்தை ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தனியாக ஒரு வேலை: ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கவனித்து எண்ண வேண்டும். அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கினார்கள், கதையைத்தான் கேட்கவில்லை. பதற வேண்டிய இடத்தில் முகம் சுளிப்பதும் ‘ஐயோ’ என்பதும் அவர்களிடம் வெகுவாகக் குறைந்தன. சொல்பவர்கள் தடுமாறினார்கள். குறிப்பாக, கதையின் முடிவு சிதைந்தது. சட்டென்று முடித்தார்கள், அல்லது முடிவையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அல்லது அது ஏன் ஆபத்தான தருணம் என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டே “கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், சொல்லு” என்பவர் பொய் சொல்லவில்லை. கடைசி வாக்கியத்தை அவரால் அப்படியே திருப்பிச் சொல்லவும் முடியும். ஆனால் அவர் நிலையும் அந்த எழுத்தை எண்ணியவர்களின் நிலைதான். தலையசைப்பு ‘மேலே சொல்’ என்கிறது. அதை எந்த இடத்திலும் ஒப்புக்குச் செய்துவிடலாம். முகம் சுளிப்பது அப்படியல்ல. பொருள் புரிந்தால்தான் அது சரியான இடத்தில் வரும். அதைப் பார்த்துத்தான் பேசுபவர் அடுத்த சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்.

பேச்சு கைமாறும் வேகத்தைப் பார்த்தால் இந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்று புரியும். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளி சராசரியாக 200 மில்லிவினாடிதான், கண்ணிமைக்கும் நேரம். ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு 600 மில்லிவினாடி அளவில் தேவைப்படுகிறது. ஆக, எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே, எங்கே முடிப்பார் என்று கணித்து நம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். வாக்கிய அமைப்பும் குரலின் இறக்கமும் அதற்குக் கைகொடுக்கின்றன. பார்வையும்தான்: நீளமாகப் பேசத் தொடங்கும்போது பலர் பார்வையை விலக்கிக்கொள்வதையும், முடிக்கும்போது கேட்பவரை நோக்குவதையும் ஆய்வாளர் ஆடம் கெண்டன் 1967-இலேயே பதிவு செய்தார். பார்வை வேறெங்கோ இருக்கும்போது வந்த மௌனத்தில் நாம் புகுந்துவிட்டால், அவர் யோசித்துக்கொண்டிருந்த வாக்கியத்தை வெட்டிவிட்டோம் என்று பொருள்.

அதே 2009 ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ‘ஆம்’ என்ற பதில் விரைந்து வருகிறது, ‘இல்லை’ தாமதிக்கிறது. “நாளைக்குக் கொஞ்சம் உதவிக்கு வர முடியுமா?” என்று கேட்டபின் வழக்கத்தைவிட நீளும் மௌனம் பெரும்பாலும் மறுப்பின் முன்னோட்டம். பண்பறிந்தவர்கள் அதைக் கேட்ட மாத்திரத்தில் “முடியலைன்னா பரவாயில்லை” என்று சேர்த்துவிடுகிறார்கள். மறுப்பைச் சொல்லும் சங்கடம் மற்றவருக்கு மிச்சம். இதைவிட அழகான மரியாதை எனக்குத் தெரியவில்லை.

இணைய அழைப்பில் இந்தக் கணக்கு குலைகிறது. குரல் போய்ச் சேர அரை வினாடி தாமதமானாலே, நாம் கொட்டிய ‘உம்’ அவருடைய அடுத்த சொல்லின் மேல் போய் விழுகிறது. குறுக்கே பேசுகிறோமோ என்று அவர் நிறுத்துகிறார், நாமும் நிறுத்துகிறோம், பிறகு இருவரும் ஒன்றாகத் தொடங்குகிறோம். தாமதம் இணைப்பினுடையது. ஆனால் அது நம் காதில் விழுவதோ, எதிர்முனையில் இருப்பவரின் அக்கறையின்மையாக.