தேரை குடிக்காத இளநீர்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அழகர்மலை அடிவாரத்தில், மழை பெய்த மறுநாள் புற்றில் காளான் நிற்கிறது. அதே புற்றடியில் தேரை உட்கார்ந்திருக்கிறது. இடி இடித்தால்தான் இரண்டும் கிளம்புமா?"

இடிக்கு அதில் வேலையில்லை, ஈரம்தான் காரணம். புற்றுக்காளானைக் கறையான்களே வளர்க்கின்றன. அவை மென்று சேர்க்கும் சருகிலும் சுள்ளியிலும் பூஞ்சை படர்ந்து, மரத்துக்குக் கடினம் தரும் லிக்னின் என்ற பொருளை உடைத்துக் கொடுக்கிறது. மழை ஊறியதும் நீண்ட காம்பு மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. மொட்டுக்குள் செல்கள் முன்பே தயார். நீரை உறிஞ்சி உப்பினால் போதும்.

தேரை வந்தது கறையானையும் ஈசலையும் தின்ன. சரி, அது தண்ணீர் குடிப்பது எப்படி? வாயால் அல்ல, வயிற்றால்!

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஷ்னைடர் தேரை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1799-லேயே அறிவியல் பெயர் பெற்றும் அதை அறிந்தவர்கள் குறைவு. இதுபோன்ற தேரைகள் பின்னங்காலை அகட்டி, அடிவயிற்றை ஈரமண்ணில் ஒட்டவைத்து உட்காரும். அந்த இடத்தில் தோல் மெல்லியது, ரத்த நாளங்கள் நெருக்கமானவை. மண்ணின் நீரைவிட உடல்நீரில் உப்பு அதிகம் என்பதால் நீர் தானாக உள்ளே நகர்கிறது. பள்ளியில் உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டு உப்பவைத்தோமே, அதேதான். ஆனால் திராட்சையிடம் இல்லாத ஒன்று தேரையிடம் உண்டு. உடல் வறண்டதும் வாசோடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும். உடனே செல்லுக்குள் காத்திருக்கும் அக்வாபோரின் என்ற புரதக் குழாய்கள் செல்சவ்வில் வந்து பொருந்தும். நீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வரிசையில் அவற்றுக்குள் நுழையும். தாகம் தீர்ந்தால் குழாய்கள் உள்ளே திரும்பிவிடும். இந்தப் புரதத்தைக் கண்டறிந்த பீட்டர் அக்ரே 2003-இல் நோபல் பரிசு பெற்றார். குடித்த நீரைத் தேரை சிறுநீர்ப்பையில் சேர்த்துவைத்து, வறட்சியில் திரும்ப எடுத்துக்கொள்ளும். காளானுக்கு அப்படியொரு பை இல்லை. வெயில் ஏறினால் வாடும், அதற்குள் வித்துகளைக் காற்றில் விட்டுவிடும்.

வாயால் குடிக்கவே குடிக்காத இந்த உயிர்மீதுதான் 'தேரை மோந்த தேங்காய்' என்று, இளநீரைக் குடித்துவிட்டதாகப் பழி. தேங்காய் ஒல்லியாவதற்கு மகரந்தச் சேர்க்கைக் குறைவும் போரான், சாம்பல்சத்துப் பற்றாக்குறையும் காரணங்கள். மெலிந்த குழந்தையைத் 'தேரை விழுந்தது' என்று மந்திரிக்கத் தூக்கிப்போவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. அந்தப் பிள்ளைக்கு மருத்துவரும் சத்தான சாப்பாடும் வேண்டும்.

அடுத்த மழைக்கு டார்ச்சோடு புற்றடிக்குப் போங்கள். தேரை மண்ணோடு மண்ணாகப் படிந்து அசையாமல் இருந்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.